ஐஸ்கிரீம் காட்டி மாற்றிய பேச்சு: ஹாலிவுட் கூட்டாளிப் படங்களும் இனவெறியும்

1987இல் வந்த 'லீத்தல் வெப்பன்' படத்தில் ஒரு சின்னக் காட்சி. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வீடு குண்டு வெடித்துச் சிதறிக் கிடக்கிறது. ரிக்ஸ், மர்டா என்ற இரண்டு போலீஸ் அதிகாரிகள் அக்கம்பக்கத்துச் சிறுவர்களிடம் விசாரிக்கிறார்கள். ரிக்ஸ் வெள்ளையர், மர்டா கறுப்பினத்தவர். சிறுவர்களும் கறுப்பினத்தவர்கள். அவர்களில் ஒருவன், போலீஸ்காரர்கள் நம்ம ஆட்களைச் சுடுவார்கள் என்று அம்மா சொல்கிறாரே, அது நிஜமா என்று கேட்கிறான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டு நிஜமா, நிஜமா என்கிறார்கள். மர்டா பதில் சொல்வதில்லை. ஐஸ்கிரீம் சாப்பிடலாமா என்று பேச்சை மாற்றுகிறார். பார்க்கிறவர்கள் சிரிக்கிறோம், கதை அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது.

ஒரு வகைப் படங்கள் இனவெறியை எப்படிக் கையாள்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த ஒரு நிமிடம் பெரிய உதவியாக இருந்தது. படம் அந்தக் கேள்வியை மறைக்கவில்லை. ஒரு குழந்தையின் வாயிலேயே வைத்துக் கேட்கவைக்கிறது. கேட்டாயிற்று என்ற நிம்மதியை நமக்குக் கொடுத்துவிட்டு, பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

எந்த வகைப் படம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர், குணத்தில் எண்ணெயும் தண்ணீரும். ஏதோ ஒரு வேலை இருவரையும் ஒரே காரில் உட்காரவைக்கிறது. பாதிப் படம் வரை திட்டிக்கொள்வார்கள். அப்புறம் ஒரு துப்பாக்கிச் சண்டையில் ஒருவர் உயிரை மற்றவர் காப்பாற்றுவார். முடிவில் உயிர்த்தோழர்கள். ஆங்கிலத்தில் இதைப் 'பட்டி காமெடி' என்பார்கள். பட்டி என்றால் கூட்டாளி. நாம் கூட்டாளிப் படம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இருவரில் ஒருவர் வெள்ளையராகவும் மற்றவர் கறுப்பினத்தவராகவும் இருப்பது ஹாலிவுட்டில் எழுபதுகளின் நடுவிலிருந்து ஒரு பெரிய வியாபார வாய்பாடு ஆனது.

அடுத்ததாக, இனவெறி என்ற சொல். அதற்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது எல்லாருக்கும் தெரிந்தது: ஒருவர் இன்னொருவரை நிறத்தைச் சொல்லித் திட்டுவது, அவமதிப்பது, அடிப்பது. இதைப் பேச்சில் இருக்கும் இனவெறி என்று சொல்லலாம். இரண்டாவது, ஏற்பாட்டில் இருப்பது. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக் கடன் அமைப்பு ஒன்று நகர வரைபடங்களைத் தயாரித்தது. கடன் கொடுப்பது ஆபத்து என்று கருதிய பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் பூசியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் வழக்கமாக அந்தச் சிவப்புக்குள்தான் விழுந்தன. அங்கே இருந்தவர்களுக்கு வீட்டுக் கடன் கிடைப்பது அரிதானது. வீடு இல்லாததால் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லச் சொத்தும் இல்லை. இதற்கு யாரும் யாரையும் திட்டவேண்டிய அவசியமே இல்லை. வங்கி அதிகாரி மரியாதையாகச் சிரித்துப் பேசிக்கொண்டே விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்.

கூட்டாளிப் படம் முதலாவதை உரக்கக் காட்டும். இரண்டாவதைத் தொடாது. இனவெறி என்பது இரண்டு மனிதர்களுக்கு இடையிலான மனக்கசப்பு என்று ஆகிவிட்டால், அதற்கு மருந்தும் இரண்டு மனிதர்களுக்குள்ளேயே கிடைத்துவிடும். ஒரு மன்னிப்பு, ஒரு பீர், ஒரு கைகுலுக்கல் போதும். அமெரிக்க எழுத்தாளர் பெஞ்சமின் டிமாட் 1990களில் இதைப் பற்றிக் கவலையோடு எழுதினார். திரையில் தோழமை பெருகப் பெருக, வரலாறும் சட்டமும் பணமும் சேர்ந்து செய்த அநீதியை மக்கள் நினைத்துப் பார்க்கும் திறனை இழக்கிறார்கள் என்பது அவர் வாதம்.

இந்த வாய்பாட்டின் பழைய வடிவம் 1958இல் வந்த 'தி டிஃபையன்ட் ஒன்ஸ்'. அது நகைச்சுவைப் படம் இல்லை, ஆனால் பின்னால் வந்தவை அதன் எலும்புக்கூட்டில்தான் நிற்கின்றன. கறுப்பின நடிகர் சிட்னி பாய்டியரும் வெள்ளை நடிகர் டோனி கர்ட்டிஸும் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்ட கைதிகள். தப்பி ஓடுகிறார்கள். வெறுப்பில் தொடங்கிப் பாசத்தில் முடிகிறது. கடைசியில் பாய்டியர் ஓடும் ரயிலில் ஏறிவிடுகிறார். கர்ட்டிஸைக் கை கொடுத்துத் தூக்க முடியவில்லை. நண்பனுக்காகப் பாய்டியரும் ரயிலிலிருந்து கீழே விழுகிறார், இருவரும் பிடிபடுகிறார்கள். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் இந்தக் காட்சியை இரண்டு விதமான பார்வையாளர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று பதிவுசெய்திருக்கிறார். தாராள மனம் கொண்ட வெள்ளையர்கள் நிறைந்திருந்த அரங்கில் நெகிழ்ச்சி, கைதட்டல். கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமில் இருந்த அரங்கிலோ கோபம். முட்டாளே, திரும்ப ரயிலில் ஏறு என்று கத்தினார்களாம்.

ஒரே காட்சிதான். ஒரு அரங்குக்கு அது, இத்தனை நடந்தும் உங்கள் மேல் எங்களுக்கு வெறுப்பு இல்லை என்ற ஆறுதல். இன்னொரு அரங்குக்கு, விடுதலையைக் கைவிட்டு இன்னொருவனுடைய மன அமைதிக்காகக் கீழே குதித்த மனிதன். கூட்டாளிப் படம் யாருடைய நிம்மதிக்காக எடுக்கப்படுகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஹார்லெம் அரங்கின் குரல்தான் கேட்கிறது.

நகைச்சுவை உள்ளே வந்தது கறுப்பின நகைச்சுவை நடிகர் ரிச்சர்ட் ப்ரையரோடு. 1976இல் வந்த 'சில்வர் ஸ்ட்ரீக்' படத்தில் வெள்ளை நடிகர் ஜீன் வைல்டர் கதாநாயகன். ப்ரையர் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருகிறார். வந்த பிறகு படத்தையே தூக்கிக்கொண்டு போகிறார். அதில் ரயில் நிலையக் கழிப்பறையில் ஒரு காட்சி. போலீஸ் கண்ணில் படாமல் வைல்டர் தப்பவேண்டும். அவர் முகத்தில் கறுப்பு ஷூ பாலிஷ் பூசி, கையில் ரேடியோவைக் கொடுத்து, இப்படித்தான் நடக்கவேண்டும், ஆடவேண்டும் என்று ப்ரையர் சொல்லிக்கொடுக்கிறார்.

இதில் என்ன தவறு என்று நம் வாசகர்களுக்குத் தோன்றலாம். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைச் சோம்பேறிகளாகவும் கோமாளிகளாகவும் காட்டி மேடையில் ஆடியது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் மிகப் பிரபலமான கேளிக்கை. அந்தக் கரிக்குப் பின்னால் அடிமைமுறையின் வரலாறே நிற்கிறது. அதனால்தான் அங்கே அது ஒரு சாதாரண மாறுவேடமாக ஆக முடியாது.

இந்தக் காட்சி எழுதப்பட்ட விதத்தைப் பற்றி வைல்டர் தன் நினைவுக்குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். முதலில் இருந்த திரைக்கதைப்படி, ஒரு வெள்ளையர் கழிப்பறைக்குள் வந்து, வைல்டரைப் பார்த்துக் கறுப்பினத்தவர் என்றே நம்பிவிடுவார். ப்ரையருக்கு இது வலித்தது. உள்ளே வருபவர் கறுப்பினத்தவராக இருக்கட்டும், அவர் ஏமாறாமல் இருக்கட்டும் என்று அவரே மாற்றம் சொன்னார். படத்தில் நாம் பார்ப்பது அந்த மாற்றத்தைத்தான். ஷூ துடைக்கும் கறுப்பினத்தவர் ஒருவர் வந்து, வைல்டரை ஒரு நொடியில் கண்டுபிடித்து, ஏதோ பெரிய சிக்கலில் இருக்கிறாய் போலிருக்கிறது, ஆனாலும் தாளத்தையாவது ஒழுங்காகக் கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

இது சின்ன மாற்றம் மாதிரிதான் தெரியும். முதல் வடிவத்தில் சிரிப்பு கறுப்பின மக்களின் மேல் விழுந்திருக்கும்: ஷூ பாலிஷும் ஒரு ரேடியோவும் இருந்தால் யாரும் கறுப்பினத்தவர் ஆகிவிடலாம் என்று. இரண்டாவதில் சிரிப்பு, நடிக்கத் தெரியாத வெள்ளையர் மேல் விழுகிறது. சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பதை ஒரு கறுப்பினக் கலைஞர் படப்பிடிப்பில் போராடித்தான் மாற்றவேண்டியிருந்தது. நான் ப்ரையரை மிகவும் மதிக்கிறேன், அவருடைய மேதைமை முழுதும் இந்தத் திருத்தத்தில் தெரிகிறது. ஆனால் அவரால் அந்தக் காட்சியைத் திருத்தத்தான் முடிந்தது. அதை எடுத்தே தீருவது என்ற முடிவு அவர் கையில் இருக்கவில்லை. ஏழே ஆண்டுகளில், 1983இல் வந்த 'டிரேடிங் பிளேசஸ்' படத்தில், கறுப்பின நடிகர் எடி மர்ஃபிக்குப் பக்கத்திலேயே வெள்ளை நடிகர் டான் அக்ராய்ட் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு ரயிலில் வருகிறார். அங்கே யாரும் அதைத் திருத்தவில்லை.

எடி மர்ஃபியின் முதல் படம் '48 ஹவர்ஸ்', 1982. இந்த வகையைப் படிக்க விரும்பும் ஒருவர் ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்றால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். நிக் நோல்டி ஜாக் என்ற சான்ஃபிரான்சிஸ்கோ போலீஸ்காரர். மர்ஃபி ரெஜி என்ற கைதி. ஒரு கொலைகாரனைப் பிடிக்க ரெஜியை 48 மணி நேரத்துக்குச் சிறையிலிருந்து ஜாக் வெளியே எடுத்துவருகிறார். வழி முழுக்க ரெஜியை மிகக் கேவலமான இனவசைகளால் திட்டுகிறார். பிறகு ஒரு கட்டத்தில் மன்னிப்புக் கேட்கிறார். திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாதே, என் வேலையைத்தான் செய்தேன், உன்னைக் கீழே அமுக்கி வைப்பது என் வேலை என்கிற மாதிரி சொல்கிறார். வேலை என்று சொன்னால் எல்லாவற்றுக்கும் பதில் ஆகிவிடாது என்கிறார் ரெஜி. ஆமாம் என்று ஜாக் ஒப்புக்கொள்கிறார்.

இந்த இடத்தில் நின்று கவனிக்கவேண்டும். மன்னிப்பு கேட்கும் ஜாக், தன்னை அறியாமல் பெரிய உண்மையைச் சொல்லிவிடுகிறார். அந்த வசைகள் கோபத்தில் வந்தவை அல்ல, ஒரு போலீஸ்காரனாகத் தன் வேலைக் கருவிகள் என்கிறார். அப்படியென்றால் அந்த வேலையை யார் கொடுத்தது? மற்ற போலீஸ்காரர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்களா? சிறையில் ரெஜியைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் யார்? ஏற்பாட்டில் இருக்கும் இனவெறி அந்த ஒரு வசனத்தில் தலையை நீட்டுகிறது. படம் அதைப் பார்க்கிறது. ரெஜிகூடச் சரியாகப் பிடித்துவிடுகிறார். ஆனால் உடனே அடுத்த துரத்தல் வந்துவிடுகிறது. படம் முடியும்போது ஜாக்கும் ரெஜியும் நண்பர்கள், ரெஜி மீதித் தண்டனையை அனுபவிக்கத் திரும்பச் சிறைக்குப் போகிறார். கொண்டுபோய் விடுவதும் நண்பர்தான்.

இதே படத்தில் எல்லாரும் கொண்டாடும் காட்சி ஒன்று உண்டு. வெள்ளையர்கள் மட்டுமே குடிக்கும் ஒரு கிராமியப் பாணி பாருக்குள் ரெஜி போய், ஜாக்கின் போலீஸ் பேட்ஜைக் காட்டி, மொத்தக் கூட்டத்தையும் நடுங்கவைக்கிறார். பேட்ஜ் வைத்திருக்கும் கறுப்பினத்தவன்தான் உங்கள் கெட்ட கனவு என்று மிரட்டுகிறார். அப்போது மர்ஃபிக்கு வயது இருபத்தொன்று, திரையே தீப்பிடித்த மாதிரி இருக்கும். கறுப்பினப் பார்வையாளர்களுக்கு அந்த நிமிடம் எவ்வளவு பெரிய சந்தோஷமாக இருந்திருக்கும் என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த பேட்ஜ் இரவல். வெள்ளைக் கூட்டாளி கொடுத்த அதிகாரம், காட்சி முடிந்ததும் அவரிடமே போய்விடும்.

திரைப்பட ஆய்வாளர் எட் குரேரோ எண்பதுகளின் இந்தப் படங்களை ஆராய்ந்து, இவற்றில் கறுப்பின நடிகர் 'பாதுகாப்புக் காவலில்' வைக்கப்பட்டிருக்கிறார் என்றார். அதாவது, அவர் திரையில் இருப்பார், நன்றாகவே ஜொலிப்பார். ஆனால் அவரைச் சுற்றி அவருடைய அம்மா, காதலி, தெரு, தேவாலயம், நண்பர்கள் என்று எதுவும் இருக்காது. முழுக்க வெள்ளையர்களின் உலகத்தில் தனி ஆளாக, ஒரு வெள்ளையரின் பொறுப்பில் இருப்பார். '48 ஹவர்ஸ்' இதை உவமையாகக்கூட விட்டுவைக்கவில்லை, கதையே காவல்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தக் கூட்டாளிப் படத்தைப் பார்த்தாலும் என் கண் தானாக அதைத் தேடும். யாருடைய வீட்டுக்குள் கேமரா போகிறது? யாருடைய மனைவி, குழந்தைகளுக்குப் பெயர் இருக்கிறது? படத்தின் முடிவில் மனம் மாறி வளர்ந்தவர் யார், அவரை வளர்க்க உழைத்தவர் யார்?

'லீத்தல் வெப்பன்' இந்தக் கேள்விகளுக்குக் கொஞ்சம் வித்தியாசமான பதில் வைத்திருக்கிறது, அதற்காக அதைப் பாராட்டவேண்டும். டேனி க்ளோவர் நடித்த மர்டாவுக்குப் பெரிய வீடு, மனைவி, பிள்ளைகள், படகு எல்லாம் உண்டு. மெல் கிப்சனின் ரிக்ஸ்தான் கடற்கரையில் ஒரு டிரெய்லர் வண்டி வீட்டில் வாழும், தற்கொலை எண்ணத்தில் இருக்கும் மனிதர். ஆனால் அந்த அழகான கறுப்பினக் குடும்பத்துக்குக் கதையில் என்ன வேலை என்று பார்த்தால், உடைந்துபோன வெள்ளையரைத் தேற்றி மனிதனாக்குவது.

1989இல் வந்த இரண்டாம் பாகத்தில் வில்லன்கள் தென்னாப்பிரிக்கத் தூதரக அதிகாரிகள். அப்போது அங்கே நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்தது, மண்டேலா இன்னும் சிறையில் இருந்தார். படம் அந்த ஆட்சியை வெளிப்படையாகத் திட்டியது. க்ளோவர் நிஜ வாழ்க்கையிலும் அந்த ஆட்சியை எதிர்த்துக் குரல் கொடுத்தவர், 1987இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் மண்டேலாவாகவே நடித்தவர். அவர் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். இனவெறி என்பது வேற்று உச்சரிப்பில் ஆங்கிலம் பேசும் வெளிநாட்டுக்காரர்களின் வியாதி ஆகிவிடுகிறது. அதைச் சுட்டுத் தள்ளும் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் சுத்தமான கையோடு நிற்கிறது. அந்தப் படம் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1988 ஆகஸ்டில், இதே லாஸ் ஏஞ்சலஸில் டால்டன் அவென்யூவில் எண்பதுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள் போதைப்பொருள் தேடுகிறோம் என்று கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளுக்குள் புகுந்து சுவர்களையும் கழிப்பறைகளையும் உடைத்து நாசமாக்கியிருந்தார்கள். நகராட்சி பிறகு பெரும் தொகை இழப்பீடு கொடுக்கவேண்டிவந்தது.

அப்புறம் 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸார் சாலையில் போட்டு அடித்ததை ஒருவர் வீடியோ எடுத்தார், உலகமே பார்த்தது. 1992 ஏப்ரல் 29 அன்று வழக்கில் இருந்த நான்கு போலீஸ்காரர்களில் யாருக்கும் தண்டனை இல்லை என்று தெரிந்ததும் நகரம் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 'லீத்தல் வெப்பன்' மூன்றாம் பாகம் திரைக்கு வந்த நாள் மே 15. அதில் ஒரு போலீஸ்காரர் ஒரு கறுப்பினப் பையனைச் சுட்டுக் கொல்கிறார். சுடுபவர் மர்டா. செத்தவன் அவர் மகனின் நண்பன். க்ளோவர் அந்தத் துக்கத்தை மிக நன்றாக நடித்திருப்பார். ஆனால் பழி எங்கே போகிறது? பையன் கையில் துப்பாக்கி இருந்தது, அதைக் கொடுத்தவன் போலீஸிலிருந்து வெளியேறிக் கெட்டுப்போன ஒருவன், அவனைப் பிடித்தால் கணக்குத் தீர்ந்தது. முதல் பாகத்தில் அந்தச் சிறுவன் கேட்ட கேள்விக்கு ஐந்து ஆண்டு கழித்து வந்த பதில் இதுதான்: சுடுவார்கள், ஆனால் சுட்டவரும் உன் ஆள்தான், தப்பு துப்பாக்கி விற்றவன் மேல்.

ஜாக்கி சான் ரசிகர்கள் 'ரஷ் ஹவர்' பற்றிக் கேட்பார்கள். 1998இல் வந்த அந்தப் படத்தில் கூட்டாளிகள் கறுப்பினத்தவரும் சீனரும். வெள்ளையரே இல்லாத ஜோடி என்பது பெரிய மாற்றம்தான். ஒரு பார் காட்சியில் கிறிஸ் டக்கர் தன் நண்பர்களை உரிமையோடு அழைக்கும் ஒரு சொல்லை ஜாக்கி சான் அப்படியே திருப்பிச் சொல்ல, அடிதடி வெடிக்கும். கறுப்பின மக்கள் தங்களுக்குள் புழங்கலாம், வெளியாள் சொன்னால் அடிமைக் காலத்து வசையாகிவிடும் சொல் அது. நானும் நண்பர்களும் முதல் முறை பார்த்தபோது சண்டையை மட்டும் ரசித்துச் சிரித்தோம், எதனால் சண்டை என்றே புரியவில்லை. படம் முழுக்க ஒருவர் இனத்தைப் பற்றி மற்றவர் அடிக்கும் ஜோக்குகள். அவமதிப்பை இரண்டு சிறுபான்மையினர் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்வதால் யார் மேலும் தப்பில்லை என்று தோன்றிவிடுகிறது. சீன உச்சரிப்பைக் கேலிசெய்யும் பழைய ஹாலிவுட் பழக்கம் இந்த மறைப்பில் எந்தச் சேதமும் இல்லாமல் தொடர்ந்தது.

இந்த வாய்பாடு பழசாகிவிட்டது என்று நினைத்திருந்தபோது, 2019 ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்துக்கான விருது 'கிரீன் புக்' படத்துக்குப் போனது. 1962இல் டான் ஷெர்லி என்ற கறுப்பினப் பியானோ கலைஞர் தெற்கு மாநிலங்களில் கச்சேரி செய்யப் போகிறார். டோனி என்ற இத்தாலிய வம்சாவளி வெள்ளையர் அவருக்குக் கார் ஓட்டுகிறார். ஷெர்லியாக மகெர்ஷலா அலியும் டோனியாக விகோ மார்ட்டென்சனும் அருமையாக நடித்திருப்பார்கள், காருக்குள் நடக்கும் பல காட்சிகளில் நானும் சிரித்தேன். ஆனால் அலிக்குக் கிடைத்தது துணை நடிகர் விருது. வறுத்த கோழியைக் கையால் சாப்பிடுவது எப்படி, உன் இனத்துப் பாடகர்கள் யார் என்று ஒரு கறுப்பினக் கலைஞருக்கு வெள்ளைக்கார ஓட்டுநர் சொல்லிக்கொடுக்கிறார். கதையை எழுதியவர்களில் ஒருவர் அந்த ஓட்டுநரின் மகன்.

படத்தின் பெயருக்குக் காரணமான புத்தகம் இதைவிட முக்கியமான கதை. ஹார்லெமைச் சேர்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936இல் அதை வெளியிடத் தொடங்கினார். கறுப்பினப் பயணிகள் எந்த ஊரில் அவமானப்படாமல் தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்ற முகவரிகள் அதில் இருந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை வண்டியில் வைத்துக்கொண்டுதான் கிளம்பின. நாடு முழுக்க ஒரு சமூகம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே கட்டிய வலை அது. படத்தில் அந்தப் புத்தகம் வெள்ளை ஓட்டுநரின் கையில் கொடுக்கப்படுகிறது, கொஞ்ச நேரம் வருகிறது, அவ்வளவுதான்.

முடிவில் கிறிஸ்துமஸ் இரவு. ஷெர்லி தன் வீட்டில் தனியாக இருக்கிறார். பிறகு கிளம்பி டோனியின் வீட்டுக்குப் போகிறார், அந்தக் குடும்பம் அவரைச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்துக்கொள்கிறது. ஷெர்லி தன் சொந்தங்களிடமிருந்து விலகி யாருமற்று வாழ்ந்தவர் என்று படம் சொல்கிறது. படம் வெளியானபோது அவருடைய தம்பி மாரிஸ் ஷெர்லி உயிரோடு இருந்தார். அண்ணன் எங்களோடு தொடர்பிலேயே இருந்தார், டோனி அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்று அவர் சொன்னார்.